ஜெர்சி மாத்தினா துரோகியா?

2025 நவம்பர் 15. உங்க ஹாஸ்டல்ல அன்னிக்கு எத்தனை பேர் மெஸ்ஸுக்குப் போகாமக் கோவிச்சுக்கிட்டுப் படுத்தாங்க? ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக்கிட்டதா சென்னை சூப்பர் கிங்ஸ் அறிவிச்ச நாள். போனாப் போகுதுன்னு சாம் கரனையும் கூடவே அனுப்பி வெச்சாங்க.

அன்னிக்கு ராத்திரி நடந்த பட்டிமன்றம் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். "2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் அடிச்சுக் கொடுத்த மனுஷன்டா. அவரைப் போயி யாராவது கொடுப்பாங்களா?" இது ஒரு கட்சி. "டிரேடுன்னா ஆட்டக்காரர் சம்மதம் இல்லாம நடக்காது மாப்ள. அவரும் தலையாட்டித்தான் இருப்பாரு. துரோகி!" இது எதிர்க்கட்சி. நடுவர் தீர்ப்பு சொல்றதுக்குள்ள வார்டன் வந்து லைட்டை அணைச்சிருப்பாரு.

நான் அந்தத் தீர்ப்பைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன். 'விசுவாசம்', 'துரோகம்'னு ரெண்டு வார்த்தையை நாம கைக்கு வந்தபடி வீசுறோம். அதுவும் எப்பவும் ஒரே பக்கமாத்தான் வீசுறோம். ஆட்டக்காரர் அணி மாறினா துரோகி. சரி, அணி ஆட்டக்காரரைக் கைவிட்டா அதுக்குப் பேரு என்ன? 'ஸ்ட்ராட்டஜி'! இது என்னங்க நியாயம்?

ஜடேஜாவோட கதையையே கொஞ்சம் பின்னாடி ஓட்டிப் பாருங்க. 2008-ல ராஜஸ்தான்லதான் ஆரம்பிச்சார். விதியை மீறி வேற அணியோட பேரம் பேசினார்னு 2010 சீசன் முழுக்க அவருக்குத் தடை. 2011-ல கொச்சி டஸ்கர்ஸ். ஒரே சீசன்தான், அந்த அணியே கலைஞ்சு போச்சு. 2012-ல சென்னை. 2016, 2017 ரெண்டு வருஷம் சென்னைக்கே தடை, அதனால குஜராத் லயன்ஸ். அந்த அணியும் ரெண்டு வருஷத்தோட சரி. மறுபடி சென்னை. கடைசியில புறப்பட்ட இடத்துக்கே, 18 கோடியை 14 கோடியாக் குறைச்சுக்கிட்டு, ராஜஸ்தான்.

இதுல நல்லா கவனிங்க பாஸ். அவர் ஆடின அணியில ரெண்டு, கடையைச் சாத்திட்டுக் கிளம்பிடுச்சு. ஆனா விசுவாசத்துக்குக் கணக்குக் கேட்டு நாம போய் நிக்கிறது யார் வீட்டு வாசல்ல? அவர் வீட்டு வாசல்லதான்.

எங்க ஊர்ச் சந்தை

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஆளு. எங்களுக்கு ஏலம், பேரம் எதுவும் புதுசில்லை. ஒரு சனிக்கிழமை விடியக் கருக்கல்ல எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு வந்து பாருங்க. பல்லைப் பாப்பாங்க, முதுகைத் தடவி எடை கணிப்பாங்க, வேண்டாம்னு பத்தடி நடந்துட்டுத் திரும்பி வந்து நூறு ரூபா கூட்டிக் கேப்பாங்க. ஆட்டுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. அது பாட்டுக்கு அகத்திக்கீரை மென்னுக்கிட்டு நிக்கும்.

ஆட்டக்காரங்க ஏலத்துல ஒரே ஒரு வித்தியாசம்தான். இங்க நிக்கிறவருக்கு எல்லாம் தெரியும். தன் விலையைத் தானே டிவியில பாத்துக்கிட்டு இருப்பாரு. யாரும் கை தூக்கலைன்னா அதையும் பாத்துக்கிட்டு இருப்பாரு. பக்கத்துல அம்மா உக்காந்திருப்பாங்க. என்ன சொல்லுவாங்க அந்த அம்மா?

கிரிக்கெட்டை விடுங்க. கோவில்பட்டின்னு சொன்னா நீங்க கடலைமிட்டாய்னு சொல்லுவீங்க. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, தப்பில்லை. சில பேர் தீப்பெட்டின்னு சொல்லுவாங்க. எங்களைக் கேட்டா நாங்க ஹாக்கின்னு சொல்லுவோம்!

நம்ப மாட்டீங்கன்னு தெரியும். மழை பெஞ்சா செருப்போட காலைப் புடுங்கிக்கிற மண்ணு, கோடையில விரல் நுழையற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கிற மண்ணு. இதுல எப்படி ஹாக்கி? சரளை அடிச்சு, தண்ணி தெளிச்சு, உருளை இழுத்துத்தான். இன்னிக்கு கிருஷ்ணா நகர்ல செயற்கைப் புல்வெளி மைதானமே இருக்கு. தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கி 2022-ல இங்கதான் நடந்துச்சு. கோடை லீவு வந்தா லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி. ரயில்வே, பேங்க்னு பெரிய பெரிய டீமெல்லாம் வந்து இறங்கும். கேலரியில இடம் பிடிக்கச் சாயங்காலமே துண்டைப் போட்டுட்டுப் போற பெருசுங்க உண்டு. ஒரு பெனால்டி கார்னரைத் தடுக்கிறதுல ஃபர்ஸ்ட் ரஷ்ஷர் எந்தக் கோணத்துல ஓடணும்னு டீக்கடை அண்ணாச்சி உங்களுக்குக் கிளாஸ் எடுப்பாரு. காசு கேக்க மாட்டாரு, டீ மட்டும் நாம வாங்கணும்.

கார்த்தி எந்த ஊரு?

2022 மே மாசம், ஜகார்த்தா. ஆசியக் கோப்பையில இந்தியா, பாகிஸ்தான் மேட்ச். எட்டாவது நிமிஷத்துல ஒரு பெனால்டி கார்னர், பந்து வலைக்குள்ள. கோல் போட்டது கார்த்தி செல்வம். இந்திய சட்டையில அவருக்கு அதுதான் முதல் கோல். மேட்ச் 1-1ல முடிஞ்சது. இந்தியா வெண்கலத்தோட திரும்பி வந்துச்சு. அதே அணியில இன்னொரு தமிழ்ப் பையன், மாரீஸ்வரன் சக்திவேல்.

மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். கார்த்தி அரியலூர். ஆனா ரெண்டு பேரும் வளந்தது ஒரே இடத்துல. கோவில்பட்டியில இருக்கிற தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட ஹாக்கி விடுதியில.

இப்ப சொல்லுங்க, கார்த்தி எந்த ஊரு? "எங்க புள்ள"ன்னு அரியலூர் சொல்லும். "எங்க கிரவுண்டுல வியர்வை சிந்தின பையன்"னு நாங்க சொல்லுவோம். 2023 ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி சென்னையில நடந்தப்போ, மலேசியாவோட லீக் மேட்ச்ல கார்த்தி முதல் கோல் போட்டதும், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல இருந்த மொத்த ஜனமும் 'நம்ம புள்ள'ன்னு எந்திரிச்சு நின்னுச்சு. 2024 அக்டோபர்ல ஹாக்கி இந்தியா லீக் ஏலம் வந்துச்சு, தமிழ்நாடு டிராகன்ஸ் எடுத்துக்கிச்சு.

ஒரு நிமிஷம் அந்த ஏலத்தோட கணக்கைப் பாத்துடலாம். எட்டு அணி. ஒவ்வொண்ணு கையிலயும் நாலு கோடி. அதுக்குள்ள 24 பேரை எடுக்கணும். 16 பேர் இந்தியர், அதுல நாலு பேராவது ஜூனியர், மீதி எட்டு வெளிநாடு. அடிப்படை விலை மூணு படி: பத்து லட்சம், அஞ்சு லட்சம், ரெண்டு லட்சம். உச்சமாப் போனவர் இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங், சூர்மா கிளப் 78 லட்சம் கொடுத்துச்சு. நம்ம டிராகன்ஸ் நெதர்லாந்துல இருந்து யிப் யான்சனை 54 லட்சத்துக்கும், ஒடிசாக்காரர் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும் எடுத்தாங்க.

நெதர்லாந்துக்காரரும் ஒடிசாக்காரரும் தமிழ்நாடுன்னு எழுதின சட்டையைப் போட்டு கோல் போட்டா நாம விசில் அடிப்போம். அடிக்கணும், தப்பே இல்லை. அப்ப நம்ம பையன் ஒருத்தன் பஞ்சாப் டீம்லயோ வங்காள டீம்லயோ ஆடினா மட்டும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறோம்? வாங்கும்போது இனிக்கிற சந்தை, விக்கும்போது மட்டும் எப்படிங்க கசக்கும்?

ஒரு கையெழுத்துக்கு மூணு நாள்

டிவியில வர்ற ஏலம் இருக்கட்டும். எங்க பக்கம் டிவியில வராத ஏலம் ஒண்ணு உண்டு.

எங்க ஊர்ல ஒரு ஹாக்கி கிளப். மொத்தச் சொத்து கோல் போஸ்ட் ரெண்டு, ஒட்டுப் போட்ட கீப்பர் பேடு ஒரு செட்டு, ஒரு தகரப் பெட்டி. செயலாளர் டீக்கடை வெச்சிருந்தார். காலையில அஞ்சரைக்கு விசில் ஊதிட்டு ஆறரைக்குப் பாய்லர் பத்த வைப்பார். அந்த டீம்ல சென்டர் ஹாஃப் ஆடின ஒரு அண்ணன் இருந்தார். நாங்க சின்னப் பசங்க, லைனுக்கு வெளியே போற பந்தைப் பொறுக்கிப் போடுற வேலை எங்களுக்கு. அவர் தடுத்தா பந்து தாண்டாது. அவர் கொடுக்கிற பாஸ், ஓடுற ஆளோட ஸ்டிக்குக்கு அளவெடுத்து வெச்ச மாதிரி வந்து நிக்கும்.

அவர் எட்டாப்பு படிக்கும்போது கையில ஸ்டிக் கொடுத்தது கிளப்பு. பூட்ஸ் கிழிஞ்சப்போ தெருவுல காசு பிரிச்சு வாங்கிக் கொடுத்தது கிளப்பு. ஒரு வருஷம் ஏப்ரல் கடைசியில அவருக்கு ஒரு சேதி வந்துச்சு. சென்னையில ஒரு டிபார்ட்மென்ட் டீம்ல ஆள் எடுக்கிறாங்க. விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலை. உடனே கிளம்பணும். ஆனா ஏற்கெனவே எங்க கிளப் பேர்ல பதிவாகி இருக்கிறதால, 'ஆட்சேபணை இல்லை'ன்னு கிளப் ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்.

அங்கதான் வந்துச்சு வினை. பதினைஞ்சு நாள்ல எங்க பக்கத்துப் பெரிய டோர்னமென்ட். அதுக்கு முந்தின வருஷம் ஃபைனல்ல தோத்திருந்தோம். இந்தத் தடவை கப்பு நமக்குத்தான்னு போஸ்டரே அடிச்சாச்சு. "டோர்னமென்ட் ஆடிட்டுப் போகட்டும். இத்தனை வருஷம் வளத்ததுக்கு இதுகூடச் செய்ய மாட்டானா?"ன்னு கமிட்டியில பாதிப்பேர். "அதுக்குள்ள அந்த வேலை போயிரும்ல"ன்னு மீதிப்பேர். மூணு நாள் டீக்கடை பெஞ்சுல பஞ்சாயத்து. அந்த அண்ணன் வந்து ஓரமா நின்னுக்கிட்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசலை. அவங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. அவரும் வந்து நின்னார், அவரும் பேசலை.

மூணாம் நாள் சாயங்காலம் செயலாளர் கல்லாவுல இருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுட்டுக் கமிட்டியைப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னார். "ஏலே, இவன் இருந்தா நமக்கு ஒரு கப்பு. இவன் போனா இவன் வீட்டுக்கு அடுப்பு. இதுல பேச என்ன இருக்கு?"

நீங்க இப்ப ஒரு சினிமா கிளைமாக்ஸ் எதிர்பார்ப்பீங்க. அப்படி எதுவும் நடக்கலை. நாங்க முதல் ரவுண்டுலயே அவுட். அடுத்த வருஷமும் அவுட். சென்டர் ஹாஃப் இடத்துல ஆள் செட்டாக மூணு வருஷம் ஆச்சு. இடையில ரெண்டு பேர் கிளப்பை விட்டே விலகிட்டாங்க. அந்தக் கையெழுத்துக்கு எங்க ஊரு கொடுத்த விலை அது. நிஜமான விலை. இதை நான் மறைக்க விரும்பலை. ஏன்னா, 'விசுவாசம்'னு பேசுறவங்க ஒண்ணும் சும்மா பேசலை. ஒரு ஆள் போனா ஒரு டீம் சாயும். அந்த வலி பொய்யில்லை.

ஆனா வலிக்குதுங்கிறதுக்காகப் போனவனைத் துரோகின்னு சொல்லலாமா? கரிசல்காட்டுல ஊரை விட்டுப் போறது துரோகம்னா, எங்க ஊர்ல பாதிப்பேர் துரோகிதான். வானம் பார்த்த பூமி. மழை பொய்ச்சா சிவகாசிக்குப் போவாங்க, திருப்பூருக்குப் போவாங்க, சென்னைக்குப் போவாங்க. அப்படிப் போனவங்க யாரையும் நாங்க துரோகின்னு சொன்னதில்லை. பொங்கலுக்கு வந்து இறங்கினா, "வாய்யா, எப்ப வந்தே?"ன்னுதான் கேப்போம். ஸ்டிக் பிடிச்சவனுக்கு மட்டும் தனிச் சட்டமா?

முதல்ல ஓடிப்போனது யாரு?

இப்ப எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் விசாரிப்போம். அணிகள் நம்மகிட்ட எவ்வளவு விசுவாசமா இருந்திருக்கு?

2005-ல பிரீமியர் ஹாக்கி லீக் ஆரம்பிச்சப்போ நமக்கு 'சென்னை வீரன்ஸ்'னு ஒரு அணி இருந்துச்சு. அடையாளம் தெரியுதா? தெரியாது. 2008-ல லீக்கே முடிஞ்சு போச்சு, அணியும் போச்சு. 2012-ல வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. 'சென்னை சீட்டாஸ்'. ஒரே ஒரு சீசன், அத்தோட சரி. 2013-ல ஹாக்கி இந்தியா லீக் தொடங்குச்சு, அதுல சென்னையே இல்லை. 2017-க்கு அப்புறம் அதுவும் நின்னு போச்சு. ஏழு வருஷம் கழிச்சு, 2024 டிசம்பர் கடைசியில மறுபடி ஆரம்பிச்சப்போதான் தமிழ்நாடு டிராகன்ஸ் வந்துச்சு.

நீங்க 2005-ல சென்னை வீரன்ஸுக்கு உயிரைக் கொடுக்கிற ரசிகரா இருந்திருந்தா, உங்க விசுவாசத்தைத் தூக்கிக்கிட்டு எங்க போயிருப்பீங்க? அந்த அணியில ஆடினவர் எங்க போயிருப்பார்?

இது நம்ம நாட்டுக் கூத்து மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவுல 'ஃபுட்டி'ன்னு ஒரு ஆட்டம் இருக்கு. முட்டை வடிவப் பந்து, நீள்வட்டமான பெரிய மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர். அங்க கிளப்புன்னா சாமி மாதிரி. தாத்தா எந்தக் கிளப்போ பேரனும் அந்தக் கிளப்பு. அப்பா ஒரு கிளப்புக்கு நூறு மேட்ச் ஆடியிருந்தா, மகனை எடுக்க அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை உண்டுன்னு விதியே வெச்சிருக்காங்க. அப்பா, மகன் விதின்னே அதுக்குப் பேரு!

அதே ஊர்லதான் 1986-ல இருந்து 'டிராஃப்ட்'னு ஒண்ணு நடக்குது. நம்ம ஏலம் மாதிரி காசு பேசுறதில்லை. கடைசி இடத்துல வந்த அணிக்கு முதல் சான்ஸ். பலவீனமான அணி நல்ல பையனை எடுத்துக்கட்டும், எல்லா அணியும் ஒரு தரத்துல இருக்கட்டும்னு ஏற்பாடு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பெர்த்துல பிறந்து வளந்த 18 வயசுப் பையனை, ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மெல்போர்ன் கிளப்பு பேர் சொல்லிக் கூப்பிட்டா, அவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சின்ன வயசுல இருந்து வேற கிளப்போட கொடியைக் கட்டில் மேல ஒட்டி வெச்சிருந்திருப்பான். அதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க.

சரி, கிளப்பாவது அசையாம நிக்குதா? 1982-ல சவுத் மெல்போர்ன்ங்கிற பழைய கிளப்பு அப்படியே மூட்டை கட்டி சிட்னிக்குப் போயிடுச்சு. 1996-ல ஃபிட்ஸ்ராய்ங்கிற கிளப்பை பிரிஸ்பேன் கிளப்போட சேத்துட்டாங்க. மெல்போர்ன் தெருவுல அந்தக் கொடியைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச ரசிகர்கள் ஒரே ராத்திரியில அநாதை. ஆட்டக்காரன் கிளப்பை விட்டா துரோகம், கிளப்பே ஊரை விட்டா வியாபாரம். கடல் தாண்டினாலும் கணக்கு மாறலை பாத்தீங்களா?

நம்ம தன்ராஜ் பிள்ளையை எடுத்துக்குங்க. புனே பக்கம் கட்கியில பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். மஹிந்திரா அணியில ஆடினார், இந்தியன் ஏர்லைன்ஸ்ல ஆடினார், பிரீமியர் ஹாக்கி லீக்ல மராத்தா வாரியர்ஸ்ல ஆடினார். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, மலேசியான்னு கிளப் கிளப்பா ஆடினார். போட்ட சட்டையை எல்லாம் கொடியில காயப்போட்டா ஒரு தெரு நீளம் வரும். அவரை யாராவது விசுவாசம் இல்லாதவர்னு சொல்லத் துணிவாங்களா? 1992-ல இருந்து 2004 வரைக்கும் நாலு ஒலிம்பிக்ஸ், அது போக நாலு உலகக் கோப்பை ஆடின மனுஷன். ஒரு ஆட்டக்காரனோட விசுவாசத்தைச் சட்டை எண்ணிக்கையை வெச்சு அளக்கக் கூடாதுன்னு சொல்ல இவரை விட வேற உதாரணம் வேண்டாம்.

அப்ப அந்த டீக்கடைக்காரருக்கு என்ன?

இவ்வளவு சொல்லிட்டு, ஒரு கேள்வியைத் தாண்டிப் போனா நியாயமில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே அந்தச் செயலாளர், அவருக்கும் அந்தக் கிளப்புக்கும் என்ன கிடைச்சுது?

ஒண்ணும் இல்லை.

உலக கால்பந்துல இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தம் இருக்கும்போதே ஒரு கிளப்புல இருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலை பேசிப் போனா, அந்தத் தொகையில அஞ்சு சதவீதத்தை, அவரை 12 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் வளத்த கிளப்புகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். ஃபிஃபா விதி. ஆப்பிரிக்காவுல ஒரு மூலையில புழுதி கிரவுண்டுல அந்தப் பையனுக்குப் பந்து கொடுத்த சின்னக் கிளப்புக்கும் அதுல பங்கு உண்டு. அந்தக் காசுல அடுத்த பத்துப் பையனுக்குப் பூட்ஸ் வாங்கலாம்.

நம்ம ஏலத்துல வர்ற தொகை ஆட்டக்காரரோட சம்பளம். அதுல கை வைக்கச் சொல்லலை. அது அவர் முட்டியைத் தேய்ச்சுச் சம்பாதிச்சது. ஆனா நாலு கோடி செலவு பண்ணி 24 பேரை எடுத்த அணி, அதுக்கு மேல கொஞ்சம் ஒதுக்கி, அந்த 24 பேரும் முதல் முதலா ஸ்டிக் பிடிச்ச கிரவுண்டுக்கு ஆளுக்கு ஒரு செட் கீப்பர் பேடு வாங்கி அனுப்பினா கொறைஞ்சா போயிடும்? வேலைக்கு ஆள் எடுக்கிற டிபார்ட்மென்ட், வருஷத்துக்கு ஒரு வாரம் தன்னோட டீமை அந்தப் பையனோட ஊருக்கு அனுப்பி ஒரு கேம்ப் போட்டா என்ன? விசுவாசத்தைப் பத்தி ரொம்ப அக்கறை இருக்கிறவங்க, இங்க இருந்து ஆரம்பிக்கலாம்.

எங்க சென்டர் ஹாஃப் அண்ணன் இன்னிக்கு வரைக்கும் அந்த டிபார்ட்மென்ட்லதான் இருக்கார். மே மாச லீவுல ஊருக்கு வந்தா காலையில அஞ்சரைக்கு கிரவுண்டுல நிப்பார், பசங்களுக்கு பாஸ் கொடுக்கச் சொல்லித் தருவார். அதே மே மாசம், டோர்னமென்ட்ல, வேற கலர் சட்டையில எங்களுக்கு எதிராவும் ஆடியிருக்கார். நல்லாவே ஆடினார். விட்டுக்கொடுக்கலை. அவர் எங்க ஃபார்வர்டு பையன் ஸ்டிக்குல இருந்து பந்தைச் சுத்தமா உருவி எடுத்தப்போ, கேலரியில பாதிப்பேர் "ஊர்ச் சோறு செரிச்சிருச்சுல்ல?"ன்னு கத்தினாங்க. பாய்லர் வெந்நியில வெந்து போன கையால சத்தமா ஒருத்தர் மட்டும் கைதட்டினார். யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்க டர்ன் வரும்

இதை எல்லாம் ஏன் உங்ககிட்ட சொல்றேன்? ஏன்னா நீங்களும் ஏலத்துக்கு நிக்கப் போறவங்கதான். ஃபைனல் இயர்ல ஃபார்மல் சட்டையை இன் பண்ணிக்கிட்டு கேம்பஸ் இன்டர்வியூ வரிசையில நிப்பீங்க. யாரோ உங்க மார்க்கைப் பாத்து ஒரு விலை சொல்லுவாங்க. ஊரை விட்டுக் கிளம்புவீங்க. ரெண்டு வருஷத்துல வேற கம்பெனி கூப்பிடும், போவீங்க. அதுக்கு உங்க ஃப்ரெண்ட்ஸ் டிரீட் கேப்பாங்க, துரோகின்னு சொல்ல மாட்டாங்க. வீட்டுல சந்தோஷப்படுவாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க வயிறு எரியும். ஆட்டக்காரனுக்கும் அதே வயசு, அதே வீடு, அதே இ.எம்.ஐ. அவனுக்குக் கிடைக்கிற வருஷம் மட்டும் ரொம்பக் கம்மி. முப்பத்தஞ்சு தாண்டினா முழங்கால் ரிட்டயர்மென்ட் லெட்டர் கொடுத்துடும். நமக்கு அறுபது வரைக்கும் டைம் இருக்கு.

அதனால அடுத்த தடவை டிரேடு நியூஸ் வந்தா, திட்டறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. போகச் சொன்னது யாரு? போகலைன்னா அவனுக்கு அங்க என்ன மிச்சம்? போன இடத்துல இருந்து அவன் எதைத் திருப்பி அனுப்புறான்? மூணுக்கும் பதில் தெரிஞ்ச பிறகு திட்டணும்னு தோணினா, தாராளமாத் திட்டுங்க. நான் தடுக்கலை.

இன்னொரு வேலையும் இருக்கு. உங்க ஊர்லயும் ஒரு கிரவுண்டு இருக்கும். கபடியோ, வாலிபாலோ, ஹாக்கியோ. அங்க காலையில விசில் ஊத ஒரு ஆள் இருப்பார். அவர் வளத்துவிட்ட பையன் யாராவது எங்கேயாவது பெரிய சட்டை போட்டு ஆடிக்கிட்டு இருப்பான். அந்தப் பையனோட போஸ்டரை உங்க ரூம்ல ஒட்டியிருப்பீங்க. சந்தோஷம். அந்த விசில் ஊதுறவர் பேரு உங்களுக்குத் தெரியுமா? இந்த லீவுல ஊருக்குப் போனா, கிரவுண்டுப் பக்கம் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. அப்படியே, ஒரு ஹாக்கி ஸ்டிக் என்ன விலை, கீப்பர் பேடு என்ன விலைன்னும் கேட்டு வைங்க.

கோடை லீவுல கோவில்பட்டிப் பக்கம் வந்தீங்கன்னா, சாயங்காலம் கிருஷ்ணா நகர் கிரவுண்டுக்கு வாங்க. கடலைமிட்டாய் என் செலவு. துண்டு மட்டும் நீங்க கொண்டு வாங்க. கேலரியில இடம் பிடிக்கணும்ல!